முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு

(தீத்தொண்டு வாரத்தையொட்டி, நூற்பாலைப் பராமரிப்புத் தொழிலாளர்களும் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தினரும் கோவையில் கூடிய அரங்கில், ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் காவலாளி அண்ணன்மார்களுக்கு நாற்காலி போடுங்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். இன்று நான் பேசப்போவதில் பாதி அவர்களுக்குத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மீட்டர் அறையில் புகை வந்தால் முதலில் ஓடப்போகிறவர் சங்கச் செயலாளரா? (சிரிப்பு) நீங்களே சிரித்துவிட்டீர்கள். நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14 ஊருக்கெல்லாம் சித்திரைப் பிறப்பு. எங்கள் துறைக்கு அது திதி நாள். 1944-ஆம் ஆண்டு அதே நாளில், பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் பஞ்சுப் பொதியில் தீப்பிடித்தது. அதே கப்பலில் ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிபொருள். மாலை நான்கு மணியைத் தாண்டிச் சில நிமிஷத்தில் கப்பல் வெடித்தது. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர் போனார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுக்க இந்த வாரம். பஞ்சோடு பிழைக்கிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எரிந்தது பஞ்சு, கொன்றது பக்கத்தில் இருந்தது.

இன்றைய பேச்சும் அதைப் பற்றித்தான். தீ சின்னது, அதை அணைக்க நம் கையில் சிலிண்டர் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் மின்சாரம் இருக்கிறது. அறை சின்னதாக இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. அப்போது என்ன செய்வது?

இதோ மேசை மேல் ஒன்று வைத்திருக்கிறேன். நாலரை கிலோ சிஓடூ. உங்கள் பேனல் ரூம் வாசலில் தொங்குவது இதுதான். இதில் அழுத்தம் காட்டும் முள் எங்கே இருக்கிறது? யாராவது சொல்லுங்கள். தேடுங்கள், தேடுங்கள். பவுடர் சிலிண்டரில் சின்னதாய் ஒரு வட்டம் இருக்கும், பச்சைக் கட்டத்தில் முள் நிற்கும். இதில் அப்படி ஒன்று கிடையாது. உள்ளே கரியமில வாயு திரவமாக அடைபட்டிருக்கிறது. பாதி தீர்ந்துபோனாலும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். முள் வைத்தால் அது பொய்தான் சொல்லும். நிறுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. வாயுவின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப அனுப்ப வேண்டும். நூல் கவுண்ட் பார்க்க கிராமுக்குள் கிராம் நிறுக்கிற ஊர் இது. இந்தச் சிலிண்டரைக் கடைசியாக எப்போது நிறுத்தீர்கள்?

அடுத்தது இந்தக் கறுப்புக் குழல். வாய் அகன்று நாதஸ்வரத்தின் அணைசு மாதிரி இருக்கிறதே, இதை ஹாரன் என்போம். என் வலது உள்ளங்கையைப் பாருங்கள், முன்வரிசைக்காரர்களுக்குத் தெரியும், பெருவிரலுக்குக் கீழே வெளுத்த ஒரு தழும்பு. பயிற்சிக் காலத்தில் வாங்கியது. “ஹாரனைத் தொடாதே, கைப்பிடியைப் பிடி” என்று பயிற்றுநர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஹாரனையே இறுகப் பிடித்து அழுத்தினேன். உள்ளிருந்து பனிக்கட்டித் தூளாக வருகிறது, மைனஸ் 78 டிகிரி. சூடு பட்டால் கையை உதறுவோம். குளிரில் கை மரத்துப்போகும், தெரியாது. விட்டபோது தோல் குழலோடு போயிற்று. தீயே பிடிக்காத மைதானத்தில் எனக்குத் தீக்காயம் மாதிரி ஒரு காயம்!

இனி மின்சாரத்துக்கு வருவோம். மின்சாரத்தில் பிடித்த தீயை எப்படி அணைப்பது? மின்சாரத்தை நிறுத்தித்தான். மெயினை இறக்கிவிட்டால் அங்கே மிச்சம் இருப்பது என்ன? எரியும் பிளாஸ்டிக், எரியும் பஞ்சுத் தூசி, எரியும் மரப்பலகை. ஊரிலே உலகத்திலே எரிகிற தீதான் அது. மெயினை இறக்காமல் நீங்கள் எத்தனை சிலிண்டர் அடித்தாலும், தளர்ந்துபோன அந்த இணைப்பில் மறுபடி பொறி பறக்கும், மறுபடி பிடிக்கும். சிஓடூ தீயை மூச்சுத் திணறடிக்குமே தவிர குளிர வைக்காது. அடித்து முடித்து நிமிர்ந்தால் பேனல் மறுபடி எரியும். சிலிண்டர் காலி.

தண்ணீரோ, நுரை சிலிண்டரோ என்றால் கேட்கவே வேண்டாம். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதை. தண்ணீர்த்தாரை வழியே மின்சாரம் உங்கள் கைக்கே வரும்.

மெயினை இறக்கிவிட்டோம், முடிந்ததா? முடியவில்லை. பல வருஷத்துக்கு முன் ஒரு ஆலை. பெயர் வேண்டாம். பேனல் ரூமில் புகை. நாங்கள் போனபோது ஈபி சப்ளையை நிறுத்திவிட்டார்கள். இருட்டு. என் ஆள் ஒருவர் டார்ச்சோடு உள்ளே கால் வைக்கப் போகிறார். பின்னாலிருந்து ஒரு ஃபிட்டர் கத்தினார்: “சார், சார்! போகாதீங்க சார்! ஜெனரேட்டர் ஆட்டோவுல இருக்குதுங்க!” அவர் சொல்லி வாய் மூடவில்லை, பின்கட்டில் டீசல் இன்ஜின் உறுமிக் கிளம்பியது. நாங்கள் இருட்டு என்று நம்பிய அந்த பேனலில் மூன்று ஃபேஸும் திரும்பி வந்துவிட்டது. அந்த ஃபிட்டர் ஒரு நிமிஷம் டீ குடிக்கப் போயிருந்தால் நான் இன்று வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன்.

ஆகவே கேளுங்கள். உங்கள் கட்டடத்துக்கு மின்சாரம் எத்தனை வாசல் வழியாக வருகிறது? ஈபி ஒன்று. ஜெனரேட்டர் ஒன்று. யூபிஎஸ் ஒன்று, அதன் பேட்டரி வரிசை யாரைக் கேட்டும் நிற்காது. மாடியில் சோலார் போட்டிருக்கிறீர்களா? வெயில் இருக்கும்வரை அந்த ஒயரில் மின்சாரம் உண்டு, சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது. கெப்பாசிட்டர் பேங்க் இருந்தால், இணைப்பைத் துண்டித்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். பதினோராயிரம் வோல்ட் வருகிற டிரான்ஸ்ஃபார்மர் என்றால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிட்டவே போகக்கூடாது. மின்வாரியத்துக்கும் 101-க்கும் போன் அடித்துவிட்டு ஆட்களை விலக்குவதுதான் அங்கே வீரம்.

சரி, இந்த சிஓடூ மின்சாரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? இது சுவையான கதை. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் தொலைபேசி ஸ்விட்ச்போர்டுகளில் அடிக்கடி தீப்பிடிக்கும். தண்ணீர் அடித்தால் ஷாக், கருவியும் பாழ். மின்சாரம் கடத்தாத ஏதாவது கொடுங்கள் என்று பெல் தொலைபேசி நிறுவனம் கேட்டது. வால்டர் கிட் என்பவரின் கம்பெனி 1924-இல் கரியமில வாயுவை உருளையில் அடைத்துக் கொடுத்தது.

அதற்கு முன் என்ன வைத்திருந்தார்கள்? பித்தளையில் கைப்பம்பு, உள்ளே கார்பன் டெட்ராகுளோரைடு. அதுவும் மின்சாரம் கடத்தாது. தீயையும் அணைத்தது. ஆனால் சூடான உலோகத்தில் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் கிளம்பும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்ட அதே பாஸ்ஜீன்! மூடிய அறையில் அந்தப் பம்பை அடித்தவர் தீயிடமிருந்து தப்பினார், பம்பிடமிருந்து தப்பவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்தப் பூதத்தை விரட்ட வந்தது சிஓடூ. இது பூதமில்லையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிது, மனக்கணக்காகவே போடலாம்.

பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி. ஆயிரம் கன அடி. இந்த சிலிண்டரில் நாலரை கிலோ. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோ சிஓடூ விரிந்தால் சுமார் இருபது கன அடி. நாலரை கிலோ என்றால் தொண்ணூறு. ஆயிரத்தில் தொண்ணூறு, நூற்றுக்கு ஒன்பது. நாம் சுவாசிக்கும் காற்றில் இது எவ்வளவு இருக்கிறது? நூற்றுக்கு 0.04 பங்கு. நூற்றுக்கு 4 ஆனாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது தொழிற்பாதுகாப்புக் கணக்கு. ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறினால் சில நிமிஷங்களில் நினைவு தப்பும். இன்னொரு சிலிண்டரும் அடித்தீர்களானால் நிமிஷம் என்ற பேச்சே வேண்டாம்.

அது பத்துக்குப் பத்து அறை. உங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் அறை அத்தனை பெரிதா? ஆறுக்கு ஐந்து, எட்டடி உயரம், உள்ளே பழைய பெயின்ட் டப்பா, விளக்குமாறு, போன வருஷக் கொலு படி. கிடைக்கிற இடம் இருநூற்று நாற்பது கன அடிகூட இல்லை. அதில் தொண்ணூறு கன அடி சிஓடூவை விட்டால்? தீ அணையும், சந்தேகமில்லை. தீக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் உங்களுக்கு மட்டும் எப்படி முட்டாமல் இருக்கும்?

இன்னொன்று சொல்கிறேன். இதை நான் என் வேலையில் பாதிக்காலம் கடந்த பிறகுதான் உறைக்க உணர்ந்தேன். பள்ளிக்கூடங்களில் நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? “புகை வந்தால் குனி, தவழ்ந்து வெளியே வா.” சரியான பாடம். சூடான புகை மேலே போகும், கீழே நல்ல காற்று இருக்கும். ஆனால் சிஓடூ காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். குளிர்ந்து வேறு வருகிறது. அது தரையில் இறங்கித் தேங்கும். சிஓடூ அடித்த அறையில் மேலே புகை, கீழே வாயு. நிமிர்ந்தால் ஒன்று, குனிந்தால் ஒன்று. அந்த அறையில் மூச்சுவிடத் தகுந்த உயரம் எது? அப்படி ஓர் உயரமே கிடையாது. வெளியேதான் இருக்கிறது.

நம் பெரியவர்கள் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். நல்ல புத்திதான், ஆனால் முழுப் புத்தி இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மனிதனைச் சாய்க்கிற அளவு கரியமில வாயு இருக்க முடியும். சாக்கடைக் குழியில் மீத்தேன் இருந்தாலோ, விளக்கே வெடிக்குத் திரியாகிவிடும்.

ஒரு சம்பவம். ஓர் அடுக்குமாடியின் தரைக்கடித் தளம், பேனல் ரூம். எலெக்ட்ரீஷியன் தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கெட்டிக்காரர். மெயினை இறக்கினார். சிலிண்டரை எடுத்தார், பின்னை உருவினார், தீயின் அடியைப் பார்த்து அடித்தார். அணைந்தது. எல்லாம் சரியாகச் செய்தார். ஒன்றே ஒன்று மட்டும். புகை மேலே வீடுகளுக்குப் போகக்கூடாதே என்று, உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல எண்ணம்தான். அணைத்து முடித்தபோது சட்டைப் பையிலிருந்து செல்போன் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

காவலாளி ஐயா ஒருவர், அறுபது வயதிருக்கும். கதவைத் திறந்து பார்த்தார், பையன் கிடக்கிறான். உள்ளே பாயப்போனார். அப்போது துணி அயர்ன் பண்ணுகிற அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திச் சொன்னாராம்: “ஏனுங்க, அவன் விழுந்தான்னா நீங்க மட்டும் நின்னுக்குவீங்களா?” அந்த அம்மா எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனதில்லை. முப்பது வருஷம் நாங்கள் நடத்திய வகுப்புகளின் சாரம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. இரண்டு கதவையும் விரியத் திறந்து, பெடஸ்டல் ஃபேனை வெளியிலிருந்து உள்நோக்கி ஓடவிட்டு, நீளமான ஒட்டடைக்கோல் கொக்கியைத் தம்பியின் பெல்ட்டில் மாட்டி, வாசலில் நின்றபடியே இழுத்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது அவர் வெளிக்காற்றில் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். பிழைத்தார்.

படிக்காதவர்களுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் ஐடஹோ அணு ஆய்வுக்கூடம். விஞ்ஞானிகள் நிறைந்த இடம். 1998 ஜூலை 28. ஒரு கட்டடத்தில் பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தைத் துண்டிக்கப் பதின்மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் தானாக சிஓடூ பொழியும் அமைப்பு உண்டு. பிரேக்கர்களைத் திறந்துகொண்டிருந்தபோது, தீ எதுவும் இல்லாமலே, எச்சரிக்கை மணிகூட அடிக்காமல், அந்த வாயு அறை முழுக்கப் பாய்ந்தது. வெள்ளைப் பனிமூட்டம், கண் தெரியவில்லை, கதவு தெரியவில்லை. ஒருவர் இறந்தார். பலர் சாவின் விளிம்புவரை போய் மீண்டார்கள். வேலைக்கு முன் அந்த வாயு அமைப்பைப் பூட்டி வைக்கவில்லை, குறை அதுதான். 2008 நவம்பரில் ரஷ்யாவின் நெர்பா நீர்மூழ்கியில், சோதனை ஓட்டத்தின்போது தீயணைக்கும் வாயு தவறுதலாகப் பாய்ந்து இருபது பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். பின்னாளில் ஐஎன்எஸ் சக்ரா என்ற பெயரில் நம் கடற்படைக்கு வந்தது அதே கப்பல்தான். இரண்டு இடத்திலும் தீயே இல்லை. அணைப்பான் மட்டும்தான் இருந்தது.

பவுடர் சிலிண்டரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது மின்சாரம் கடத்தாது, பேனலுக்கு அடிக்கலாம். ஆனால் சின்ன அறையில் அடித்தால் இரண்டே நொடியில் எதிரில் கை தெரியாது. வந்த வழி மறந்துபோகும். அந்த மஞ்சள் தூள் ஈரம் பட்டால் செம்பையும் சர்க்யூட் போர்டையும் அரிக்கும். கம்ப்யூட்டர் அறையில் அடித்துவிட்டு மறுநாள் என்னைத் திட்டாதீர்கள். சிலிண்டரில் போட்டிருக்கும் வகுப்பு எழுத்தில் ஒரு குழப்பமும் இருக்கிறது: நம் நாட்டில் சி வகுப்புத் தீ என்றால் எரிவாயு. அமெரிக்காவில் சி என்றால் மின்சாரம். யூடியூபில் அமெரிக்கக்காரர் சொன்னதைப் பார்த்துவிட்டு இங்கே எழுத்தைப் பார்த்து சிலிண்டர் வாங்காதீர்கள். மின்சாதனத்துக்கு ஆகும் என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள்.

ஆலைக்காரத் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேனலுக்குள் பஞ்சு படிந்திருக்கும்போது சிஓடூவைக் கிட்டே கொண்டுபோய்ச் சீறவிட்டால், எரியும் பஞ்சு பறந்து அடுத்த மிஷினில் உட்காரும். நாலைந்து அடி தள்ளி நின்று, மெல்ல நெருங்குங்கள். அதைவிட, வாரம் ஒருமுறை சப்ளையை நிறுத்தி பேனலை உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்தால் எனக்கு இங்கே வேலையே இல்லை.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்ட மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். தீ சுடவில்லை, புகை மூச்சை அடைத்துவிட்டது. லித்தியம் பேட்டரி உள்ளுக்குள்ளேயே வெந்து எரிகிற சாமான். சிஓடூ அடித்தால் சுடர் மறையும், சூடு போகாது, திரும்பப் பிடிக்கும். வாசற்படியில், வெளியே போகும் ஒரே வழியில், வண்டியை சார்ஜுக்குப் போட்டுவிட்டு யாரும் தூங்காதீர்கள்.

அப்படியானால் சிலிண்டரைத் தொடவே வேண்டாமா என்று ஒரு தம்பி கேட்கிறார். தொட வேண்டும். பயமில்லாமல் தொட வேண்டும். அறைக்கு உள்ளே நின்று தொடக்கூடாது. கதவு நிலையில் நில்லுங்கள். ஒரு கால் வெளியே இருக்கட்டும். முதுகு வெளிவாசலைப் பார்த்திருக்கட்டும். இன்னொருவர் பின்னால் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அங்கிருந்து அடியுங்கள், பதினைந்து இருபது நொடியில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் பின்னோக்கி நடந்து வெளியே வாருங்கள், முதுகைக் காட்டாதீர்கள், தீக்கும் நமக்கும் அவ்வளவு மரியாதை போதும். பிறகு கதவைச் சாத்துங்கள், யாரும் உள்ளே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தபின். அணைந்ததா என்று எட்டிப் பார்க்கும் ஆசை வரும். வரும், நிச்சயம் வரும். அந்த வேலையை மூச்சுக்கருவி மாட்டிய எங்கள் ஆளிடம் விட்டுவிடுங்கள். தரைக்கடித் தளமானால், ஜன்னல் திறந்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். வாயு ஜன்னலுக்குக் கீழே குளம் மாதிரி நிற்கும், காற்றை அடித்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

நாளைக் காலை உங்கள் மீட்டர் அறைக்குப் போங்கள். சிலிண்டர் எங்கே தொங்குகிறது? உள்ளேயா, வெளியேயா? உள்ளே தொங்கினால் எரியும் அறைக்குள் போய்த்தான் அதை எடுக்க வேண்டும். வெளிச்சுவரில் மாட்டுங்கள், ஒரு டிரில் மிஷின், இரண்டு ஆணி, பத்து நிமிஷ வேலை. கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கம் திறக்கிறதா? கொலு படியை எடுத்து வேறெங்காவது வையுங்கள்.

பேச்சு போதும். கீழே முற்றத்தில் எங்கள் நிலையத்துத் தம்பிகள் இரும்புத் தட்டில் டீசல் ஊற்றி வைத்திருக்கிறார்கள், சிலிண்டர் பன்னிரண்டு இருக்கிறது. திறந்த வெளி, மூச்சுக்குப் பஞ்சமில்லை. காவலாளி அண்ணன்மார்கள் முதலில் இறங்குங்கள். ஹாரனை மட்டும் பிடித்துவிடாதீர்கள்.